கொளஞ்சியின் கையும் சங்கத்தின் சுவரும்

முடியவில்லை என்று படுத்திருப்பவரை எழுப்பி நடக்கச் சொல்வதும், அதற்காக அவர் வீட்டார் அத்தனை பேரிடமும் திட்டு வாங்குவதும்தான் எங்கள் தொழில். பலகையில் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டிருக்கும். கள்ளக்குறிச்சியில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நல்ல மனநிலையில் இருந்தால் ‘எக்சசைஸ் மேடம்’ என்பார்கள். கோபமாக இருந்தால் ‘அந்தக் கைய முறுக்குற பொம்பள’ என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

வீட்டில் யாரிடமாவது ‘கொஞ்சம் எழுந்து நடங்களேன்’ என்று சொல்லி, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படுத்திருக்கும் கட்சிக்கு நான் சொல்லி எதுவும் ஏறியதில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்களில் நடந்த கதை இது. முகக்கவசம் எல்லார் தாடையிலும் தொங்கிக்கொண்டிருந்த காலம். ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்களை எங்கள் டாக்டர் என்னிடம் அனுப்புவார். கீமோ தரும் அசதி படுத்தால் போகிற அசதி இல்லை, படுக்கப் படுக்க ஏறுகிற அசதி. உடம்புக்குத் தக்கபடி தினம் கொஞ்சம் நடந்தால் அது குறையும், தூக்கம் வரும், சோறு இறங்கும், மனசும் லேசாகும். இதைச் சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். நம்ப வைக்க நான் ரிட்டயர் ஆகும் வரை ஆகும் போலிருக்கிறது.

சாத்துக்குடிக் கூட்டம்

கொளஞ்சியை முதலில் பார்த்தது நைனார்பாளையத்தில், அவள் வீட்டுக் கட்டிலில். நாற்பதைத் தாண்டியவள். இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்து, கீமோவும் முடிந்திருந்தது. அடுத்தது ரேடியேஷன். அதற்கு மெஷினில் மல்லாந்து படுத்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். கொளஞ்சிக்கோ கை தோள் உயரம்கூட வரவில்லை. கையைப் பழக்கிக்கொண்டு வரச் சொல்லி புதுச்சேரி டாக்டர் தேதி கொடுத்திருந்தார். கை வராவிட்டால் தேதி தள்ளிப்போகும், தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் நோய்க்கு லாபம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பியிருந்தார்.

கை ஏன் வரவில்லை என்றால், அன்பு. ஆபரேஷன் ஆனதிலிருந்து அந்தக் கையை வீட்டில் ஒருத்தரும் அசையவிடவில்லை. மாமியார் தலை வாரிவிட்டாள், சோறு ஊட்டினாள், கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்து அதற்குத் துண்டும் போர்த்தினாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சாத்துக்குடி கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. கொண்டுவந்தவர்களும் போகாமல் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் வரை கரும்பு வெட்டிய கை அது, களையெடுத்த கை, குடம் தூக்கிய கை. அப்போதெல்லாம் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாகத் தோன்றியிருந்தது.

“கையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா, பார்க்கலாம்” என்றேன். கொளஞ்சி தூக்கப் பார்த்தாள், முகம் சுருங்கியது. கூட்டம் மொத்தமும் ‘ஐயோ’ என்றது. மாமியார் எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“ஏம்மா, ஆப்பிரேசன் பண்ண கையி. நாங்க பூவாட்டம் வெச்சிக்கினு இருக்கறம். நீ இன்னாடான்னா தண்ணி எறைக்கற கையாட்டம் தூக்கு தூக்குன்ற?”

ஐயாவுக்குப் பதில்

அன்பு ஒரு வகைத் தொல்லை என்றால் அந்தஸ்து இன்னொரு வகை. ரிஷிவந்தியம் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தினமும் நடக்கச் சொன்னேன். பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் வந்தபோது அசதி அப்படியே இருந்தது. துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ரோட்டில் நடந்துபோனால் காரை விற்றுவிட்டான் என்று ஊர் நினைக்குமாம். அதனால் காரில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி ஊரைச் சுற்றி வந்திருக்கிறார். எத்தனை சுற்று என்று வேறு பெருமையாகச் சொன்னார்.

ரோடு வேண்டாம், வீட்டுக்குள்ளேயே செய்யலாம் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யும் பயிற்சிகளைச் சொல்லித் தர வரச் சொன்னேன். அவர் வரவில்லை. அவருடைய பண்ணையில் வேலை செய்கிற கோவிந்தன் வந்தார். ஐயாவுக்கு அலைச்சல் ஆகாதாம், இவர் கற்றுக்கொண்டு போய்ச் சொல்லித் தருவாராம். வேறு வழியில்லாமல் சொல்லிக் கொடுத்தேன். உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது எல்லாவற்றையும் மூச்சு வாங்காமல் செய்து காட்டினார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. இதை ஐயாதான் செய்ய வேண்டும், நீங்கள் செய்து அவருக்குப் பிரயோஜனம் இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

“ஐயாவுக்குப் பதிலா நான் பண்ணா ஆவாதுங்களா? இத்தினி வருசமா எல்லாத்தையும் நான்தானங்க பண்ணிக்கினு இருக்கறன்?”

மலையிறங்கி வந்தவர்

கொளஞ்சியை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர வைக்க நான் கொஞ்சம் மிரட்ட வேண்டியிருந்தது. தேதியை நினைவுபடுத்தினேன், அவ்வளவுதான். அவள் கணவர் ராஜவேல் காருக்கு ஏற்பாடு செய்தார். கொஞ்சம் கரும்பும், அதைவிட நிறைய, இட ஒதுக்கீடு கேட்கிற சங்கத்தின் வேலையும் வைத்திருக்கிற மனிதர். ஒன்றியத்தில் போராட்டம் என்றால் மைக் அவர் கையில்தான் இருக்கும். நல்ல மனிதர்தான், ஊருக்காக ஓடுகிறவர். பெண்டாட்டி மட்டும் ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்.

அன்றைக்கு வராந்தாவில் கொளஞ்சிக்குப் பக்கத்தில் கல்வராயன் மலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சின்னத்தம்பி, வயது எழுபதை ஒட்டி இருக்கும். வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி ஒரு கிராமம். வாயில் வந்த புற்றுக்குச் சிகிச்சை முடித்தவர். ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்து, பஸ் பிடித்து, கச்சிராயபாளையத்தில் மாறி, எங்களிடம் வந்து சேர மதியமாகிவிட்டது. எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். தினமும் நடக்க வேண்டும், முதலில் கொஞ்சமாக, பிறகு கொஞ்சம் கூட்டி. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நடன்னு சொல்றதுக்கா இம்மாந்தூரம் நடந்து வரச் சொன்னீங்க?” என்றார். வராந்தாவே சிரித்தது. கொளஞ்சி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது. மலையேறி இறங்குகிறவருக்கு நான் என்ன சொல்லித் தருவது? சரி பெரியவரே, உங்களுக்கு நான் தேவையில்லை, இனிமேல் இங்கே வர வேண்டாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது. நோய் வந்ததிலிருந்து பிள்ளைகள் காட்டுக்கும் விடுவதில்லை, கொல்லைக்கும் விடுவதில்லையாம். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு மட்டும்தான் அவருக்கு வெளியே போக அனுமதி. கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்க மட்டும் வர வாணாம்னு சொல்லிடாதீங்கம்மா. அப்பறம் எம்புள்ளைங்க என்னப் படுக்கப் போட்டுருவானுங்க.”

காலியாக இருந்த சுவர்

அன்றைக்குக் கொளஞ்சி காரில் ஏறவில்லை. மலையே இறங்கி வருகிறார் அவர், நான் ஊருக்குள் நடக்கக் கூடாதா என்று கிளம்பிவிட்டாள். பஸ் நிலையம் வரைக்கும் அவள் முன்னால் நடக்க, மாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, அதற்கும் பின்னால் கார் ஊர்ந்தது. அதன் பிறகு தினமும் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். நிழலில் நின்று நின்று, ஆனாலும் நடந்தாள். சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. கைதான் அடம் பிடித்தது.

கையைப் பழக்கச் சுவரைவிடச் சுலபமான சாதனம் கிடையாது. சுவரை ஒட்டி நின்று, விரல்களை அதில் வைத்து, பல்லி ஏறுகிற மாதிரி மெல்ல மேலே ஏற்ற வேண்டும். இன்றைக்கு இதுவரை, நாளைக்கு அதற்கு மேலே ஒரு துளி. நைனார்பாளையத்து வீட்டுக்குள் தேடினால் காலியாக ஒரு சுவர் இல்லை. பீரோ, மூட்டை, சாமி படம், காலண்டர் என்று தரையிலிருந்து உத்தரம் வரை அடைசல். தெருவைப் பார்த்த வெளிச்சுவர் மட்டும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நம் ஊரில் காரணமில்லாமல் ஒரு சுவர் காலியாக இருக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. கரித்துண்டை எடுத்து அதில் படிப்படியாகக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது என் கோடுகளைக் காணோம். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மூலையில் ‘இச்சுவர் சங்கத்துக்கு ஒதுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. போராட்ட விளம்பரம் எழுதப் போகிறார்களாம். தேதி நெருங்குகிறது, உங்கள் பெண்டாட்டி கையைத் தூக்குவதற்குத்தான் அந்தக் கோடு, கொஞ்சமாவது யோசனை வேண்டாமா என்று ராஜவேலிடம் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். அவர் சங்கடத்தோடு பிடரியைச் சொறிந்தார்.

“கோச்சிக்காதீங்க மேடம். பொண்டாட்டி என்னுதுதாங்க, ஆனா சொவரு சங்கத்துது.”

இவண்

விளம்பரம் வந்துவிட்டது. உச்சியில் ஆள் உயரத்துக்கு மேலே சிவப்பில் பெரிதாக ‘இட ஒதுக்கீடு’. அதற்குக் கீழே ‘எங்கள் உரிமை’. அதற்கும் கீழே ‘மாபெரும் சாலை மறியல்’, பிறகு ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’. எல்லாவற்றுக்கும் அடியில் ‘இவண்’ என்று போட்டு ராஜவேலின் பெயர். மறியலுக்குத் தேதி எழுதவில்லை. தலைமை சொன்னதும் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருந்தார்கள். நான் வேறு சுவர் தேடிப் பக்கத்து வீடுகளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். கொளஞ்சி தேடவில்லை.

அவள் பாட்டுக்குக் காலையில் எழுந்து போய் விளம்பரத்துக்கு முன்னால் நின்று, கணவர் பெயரில் விரலை வைத்து ஏற ஆரம்பித்துவிட்டாள். என் கோடுகளைவிட அது வசதியாகத்தான் இருந்தது. போனில் எனக்குத் தகவல் வரும். “மேடம், இன்னிக்கு ‘வாரீர்’ வந்துட்டன்.” நாலைந்து நாள் கழித்து, “மேடம், மறியல தாண்டிட்டன்.” கணவர் பெயரை மட்டும் வாயால் சொல்ல மாட்டாள். “அவரு பேர்ல ஆரம்பிச்சி” என்பாள். தெருவில் போகிறவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் போனார்கள். சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிற பெண்ணை ஊர் பழகிக்கொண்டது. பழக முடியாதவள் மாமியார் ஒருத்திதான். கட்டின புருஷன் பெயர் மேல் விரல் வைத்து ஏறுகிறாளே, குடும்பத்துக்கு ஆகுமா என்று என் முன்னாலேயே சண்டைக்கு வந்தாள். கொளஞ்சி சுவரிலிருந்து கையை எடுக்காமலேயே பதில் சொன்னாள்.

“கால்ல மெரிச்சாதான் தப்பு அத்த. நான் தொட்டுக் கும்புட்டுட்டுதான மேல போறன்?”

மேல் வரி

‘எங்கள் உரிமை’ வரை ஏறிய கை அதோடு நின்றுவிட்டது. அக்குளில் ஒரு நரம்பு சுண்டி இழுக்கிறது, நெஞ்சுத் தழும்பு கிழிந்துவிடுகிற மாதிரி வலிக்கிறது என்றாள். அது அப்படித்தான் இழுக்கும், மெல்ல மெல்லத்தான் விட்டுக்கொடுக்கும் என்று சொன்னேன். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவதி வந்து, தனக்குத் தெரிந்த ஒருத்தி இப்படிக் கையைத் தூக்கித் தூக்கித்தான் போய்ச் சேர்ந்தாள் என்று ஒரு கதையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போன் வருவது நின்றது. நான் போய்ப் பார்த்தபோது கொளஞ்சி பழையபடி கட்டிலில், கை பழையபடி தலையணை மேல். மாமியார் முகத்தில் ஒரு நிம்மதி. சாத்துக்குடி புதிதாக வந்திருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. புதுச்சேரிக்குப் போக ஒரு வாரம்தான் பாக்கி. இவள் கை தூக்காமல் திரும்பி வந்தால் அடுத்த தேதி எப்போது, அதற்குள் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. திட்டத்தான் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். கொளஞ்சி என் முகத்தைப் பார்த்தாள். என்னைவிட அவள்தான் தெளிவாக இருந்தாள். மெல்ல எழுந்து, தெருப் பக்கம் வந்து, சுவருக்கு முன்னால் நின்றாள். பிளஸ் டூ படிக்கிற அவள் மகள் பள்ளிக்கூடப் பையோடு அப்போதுதான் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் கொளஞ்சியின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். ‘எங்கள் உரிமை’யைத் தாண்டும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மேல் வரியில் ‘ஒதுக்கீடு’ என்பதில் அந்தத் ‘து’வின் வாலை ஓவியர் தாராளமாகக் கீழே இழுத்துவிட்டிருந்தார். அவள் நடுவிரல் அதன் நுனியைத் தொட்டது. போதும், இன்றைக்கு விடுங்கள் என்றேன். அவள் விடவில்லை.

“இந்த எழுத்தெல்லாம் எம்பொண்ணு காலேஜிக்குப் போவணும்னு அவரு எழுதி வெச்சிருக்காரு. அவ போறத நான் பாக்கணும்ல மேடம்? வலிச்சா வலிக்கிது, புடிங்க.”

எலவனாசூர்கோட்டை மறியல்

புதுச்சேரிக்குப் போகிற நாளும் வந்தது. கை அரைகுறையாக வந்திருந்தது, மேலே நிற்குமா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கை நிற்காவிட்டால் டாக்டர் என்னைத்தான் கேட்பார் என்று நானும் கூடக் கிளம்பினேன். அதற்கு முந்தின நாள்தான் தலைமையிலிருந்து சேதி வந்திருந்தது. மறியல் மறுநாளே, எலவனாசூர்கோட்டையில், புதுச்சேரிக்குப் போகிற அதே ரோட்டில். ஆம்புலன்ஸில் போய்விடலாம், அதை யாரும் மறிக்க மாட்டார்கள் என்று ராஜவேலிடம் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் கொளஞ்சி கதை முடிந்தது என்று ஊர் பேசுமாம். மறியல் பத்து மணிக்குத்தான், அதற்குள் கார் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டு, விடியும்போதே கொடியோடு மறியலுக்குப் போய்விட்டார்.

தொண்டர்களின் ஆர்வத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரோடு ஏற்கெனவே அடைத்துக் கிடந்தது. முன்னால் லாரிகள், பின்னால் பஸ்கள், திருப்பவும் வழியில்லை. டிரைவர் இறங்கிப் போய், கான்சர் பேஷண்ட் இருக்கிறார் என்று கெஞ்சியதில் இரண்டு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள். காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். கொளஞ்சி தலையில் துணி கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் கார் ஒத்துக்கொள்ளாமல் கண்ணை மூடி, வாயைத் திறந்து, என் தோளில் சாய்ந்து கிடந்தாள். “ஐயோ, ஆயாவுக்கு ரொம்ப முடியலடா” என்று ஒருவன் தண்ணீர் வாங்க ஓடினான், இன்னொருவன் மாமியாரைத் தூக்கிக்கொண்டு போகத் தயாரானான். பேஷண்ட் இவர்தான் என்று கொளஞ்சியைக் காட்டினேன். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பொய் சொல்லாதீங்க மேடம் என்றான். நடக்க வைத்துத் தேற்றியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது.

கொளஞ்சி கதவைத் திறந்து இறங்கினாள். மாமியாரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிட்டு, லாரி வரிசையை ஒட்டி நடக்க ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். நல்ல வெயில். அந்தத் தூரத்தைப் போன மாதம் இவளால் யோசித்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. இரண்டு இடத்தில் லாரி நிழலில் நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டாள், மறுபடி நடந்தாள். ரோட்டின் நடுவில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. எந்த வண்டிக்கும் வழி கிடையாது என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தவர் ராஜவேல். பெண்டாட்டி நடந்து வருவதைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது. ஓடிவந்து, “நீ இன்னாத்துக்குடி நடந்து வர்ற? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவறது?” என்றார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அவர் கேட்டதும் கொளஞ்சி சொன்னதும் எலவனாசூர்கோட்டைக்கே கேட்டது.

“வண்டியும் வுட மாட்டீங்க, நடக்கவும் வாணான்றீங்க. நான் எப்பிடிதாங்க போயி பொழைக்கறது?”

மெஷின்

கூட்டத்தில் இருந்த பெண்கள்தான் எழுந்து வழிவிட்டார்கள். மறியல் வண்டிக்குத்தானே, அக்காவுக்கு இல்லையே என்றாள் ஒருத்தி. ராஜவேல் மைக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியின் பையை வாங்கிக்கொண்டு கூட்டத்தின் மறுபக்கம் வரை கூடவே நடந்து வந்தார். உளுந்தூர்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஷேர் ஆட்டோவில் எங்களை ஏற்றிவிட்டு, அது கிளம்பும்போது, “மெதுவா தூக்கு, பயப்படாத” என்று மட்டும் சொன்னார். கையைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பஸ் மாறி மாறிப் புதுச்சேரி போனோம். எல்லாருக்கும் முடிந்து, கடைசி ஆளாகக் கூப்பிட்டார்கள்.

கொளஞ்சி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் என் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர் என்னவோ கேட்க வந்தவர் போலப் பார்த்தார். கேட்கட்டும் என்று இருந்தேன். வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது. என் கைதான் முதலில் இறங்கியது.

கதவு திறந்து, அங்கே வேலை செய்கிற பெண் கொளஞ்சியோடு வெளியே வந்தாள். இவர் கை அப்படியே நின்றது, அசையவே இல்லை, வேலை சுலபமாக முடிந்தது என்றாள். உங்களுக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தது யார், எந்த ஊர் பிசியோ என்று கொளஞ்சியைக் கேட்டாள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். கொளஞ்சி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“எங்க வூட்டுச் சொவருதாங்க.”

அந்தப் போராட்டத்தில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஆனால் ரேடியேஷன் முடிந்து வந்து, ஏணியில்லாமல், வலியில்லாமல், அந்த மேல் வரியை முழுசாகக் கையால் எட்டித் தொட்டவள் எனக்குத் தெரிந்து கொளஞ்சி ஒருத்திதான்.